பந்துத் திடலில் ஒரு போதகர்

பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாயிடம் இரண்டு விருப்பங்களைத் தெரிவித்தான். ஒன்று, தான் தொழில்முறைக் காற்பந்தாட்ட வீரனாக வேண்டும் என்பது. மற்றது, இறைவார்த்தையைப் போதிக்கும் பணியாளனாக வேண்டும் என்பது. சிறுவர்கள் இவ்வாறு எதையாவது சொல்வதும் சில காலத்தில் அதை மறந்துவிடுவதும் இயல்பே. இச்சிறுவனோ இரண்டையும் மறக்கவில்லை, இரண்டையும் அடைந்தான். இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்தே தன் வாழ்வை அமைத்தான். அந்தப் பிணைப்பே அவனுக்குப் பெரும்புகழைத் தந்தது; இறுதி ஆண்டுகளில் ஆழ்ந்த மனக்கலக்கத்தையும் தந்தது. அமெரிக்கக் காற்பந்தாட்ட வரலாற்றில் தலைசிறந்த தற்காப்பு வீரர்களுள் ஒருவராகப் போற்றப்படும் றெஜி வைட்டே அச்சிறுவன்.

எம் வாசகர்களுள் பலருக்கு இந்த ஆட்டம் பழக்கமற்றது. எம்மூர்ப் பிள்ளைகள் விளையாடும் உதைபந்தாட்டத்தைக் காட்டிலும் கண்டியிலும் கொழும்பிலும் பாடசாலைகள் மோதிக்கொள்ளும் றகர் ஆட்டத்துக்கே இது நெருங்கிய உறவு. ஒவ்வோர் அணியிலும் பதினொருவர். தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்து முட்டி மோதுவர். தாக்கும் அணியின் மூளையாக ஒருவர் பின்னே நின்று பந்தைப் பெற்று எறிவார். அவரைக் குவாட்டர்பெக் என்பர். அவரைக் காப்பதற்கென மலைபோன்ற உடலுடைய ஐவர் முன்வரிசையில் அரணாக நிற்பர். எதிரணியின் தற்காப்பு முன்வரிசை வீரரது வேலை அந்த அரணைப் பிளந்து, பந்து கையை விட்டுப் புறப்படுமுன் குவாட்டர்பெக்கை நிலத்தில் வீழ்த்துவதாகும். ஓரிரு விநாடிகளில் முடிந்துவிடும் வேலை இது. பந்தைத் தொடாமலே ஓர் ஆட்டத்தின் போக்கை மாற்றக்கூடிய இடமும் இதுவே. எண்ணிப் பார்த்தால், பிறர் கோல் போடுவதைப் பார்த்து மகிழவேண்டிய, பெரும்பாலும் பெயர் வெளியே தெரியாத இடம். அந்த இடத்தில் நின்றுதான் றெஜி வைட் தம் பெயரை ஒரு நாடு முழுவதும் அறியச் செய்தார்.

1961 டிசம்பர் 19 ஆம் திகதி, டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் அவர் பிறந்தார். தாய் தனித்து நின்று பிள்ளைகளை வளர்த்தார். தந்தையின் நிழல் அவருக்குக் கிட்டவில்லை. தாய் மணமுடித்து வேறு மாநிலத்துக்குச் செல்ல நேர்ந்தபோது, சிறிது காலம் பாட்டியின் வீட்டிலேயே அவர் தங்கினார். அந்தப் பாட்டி செபத்தில் ஊறியவர். பேரனை ஆலயத்துக்கு அழைத்துச் சென்றவர் அவரே. பெற்றோர் பலர் வெளிநாடுகளில் உழைக்க, பேரப்பிள்ளைகளை வளர்த்தெடுக்கும் எத்தனையோ பாட்டிமாரை எம் பங்குகளில் நாம் அறிவோம்.

வயதுக்கு மீறிய உடல் வளர்ச்சியால் மற்றப் பிள்ளைகள் அவரைக் கேலி செய்தனர். பெரிய உடலுக்குள் மென்மையான மனம். உயர்கல்லூரியில் அவருக்குக் கிடைத்த பயிற்றுவிப்பாளர் இதைக் கண்டுகொண்டார். இவ்வளவு வலிமையைப் பெற்றிருந்தும் பிறரை நோகச் செய்ய அஞ்சும் ஒரு பையனை எவ்வாறு முன்வரிசை வீரனாக்குவது? அவர் தேர்ந்துகொண்ட வழி கடினமானது. கூடைப்பந்து விளையாடும் சாக்கில் பையனை முழங்கையால் இடித்து அழவைத்தார். அழுதுகொண்டு உடைமாற்றும் அறைக்கு ஓடியவரைத் தேடிச்சென்று, ஆறுதல் சொல்வதற்கு மாறாக, இனி நீ எதிர்த்து நிற்கும்வரை இப்படித்தான் நடக்கும் என்ற பொருள்பட எச்சரித்தார். இக்காலக் கல்வியாளர்கள் இம்முறையை ஏற்கமாட்டார்கள். நாமும் அதைப் பரிந்துரைக்கப் போவதில்லை. ஆயினும் பிற்காலத்தில் வைட் அவரை நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

பதினேழு வயதிலேயே பப்ரிஸ்ற் சபையில் அவர் போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கத்தோலிக்கராகிய எமக்கு இது வியப்பாயிருக்கும். எம் குருமாணவர்கள் மெய்யியலும் இறையியலுமாக எட்டு, ஒன்பது ஆண்டுகள் கற்ற பின்னரே மறையுரை மேடையில் ஏறுகின்றனர். அமெரிக்காவின் தெற்கில் உள்ள கறுப்பின பப்ரிஸ்ற் சபைகளின் மரபு வேறு. அழைத்தலும் நாவன்மையும் உடையவர் என்று சபை கண்டால், இளைஞரும் போதிக்கலாம். அந்த மரபு அடிமைத்தனத்தின் நடுவே மக்களைத் தாங்கிய மரபு; அதனை எளிதாக எண்ணலாகாது. எனினும், கற்பதற்கு முன் போதிக்கத் தொடங்கிய இந்த நிகழ்வை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வைட் தாமே அதனிடம் திரும்பி வந்தார்.

1980 முதல் 1983 வரை டென்னசிப் பல்கலைக்கழக அணியில் விளையாடினார். தற்காப்பு வீரராகவும் மதபோதகராகவும் இருந்தமையால், தற்காப்பு அமைச்சர் என்ற பட்டப்பெயர் அங்கு அவருக்கு ஏற்பட்டது. அமைச்சருக்கும் மதபோதகருக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் எழுந்த சிலேடை அது. இறுதி ஆண்டில் மட்டும் 15 தடவைகள் எதிரணிக் குவாட்டர்பெக்கை வீழ்த்தினார். 1984 இல், அப்போது புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த போட்டித்தொடர் ஒன்றில் மெம்பிஸ் அணிக்கு ஒப்பந்தமானார். அத்தொடர் நீடிக்கவில்லை. 1985 இல் தேசியக் காற்பந்தாட்டச் சங்கத்தின் பிலடெல்பியா ஈகிள்ஸ் கழகத்தில் இணைந்தார்.

பிலடெல்பியாவில் அவர் கழித்த எட்டு ஆண்டுகள் அவரது விளையாட்டு வாழ்வின் உச்சம் எனலாம். 121 ஆட்டங்களில் 124 தடவைகள் குவாட்டர்பெக்கை வீழ்த்தினார். அதாவது, விளையாடிய ஆட்டங்களின் எண்ணிக்கையையும் விஞ்சினார். வீரர்களின் வேலைநிறுத்தத்தால் சுருங்கிய 1987 ஆம் ஆண்டுப் பருவத்தில், 12 ஆட்டங்களிலேயே 21 தடவைகள். ஆறடி ஐந்தங்குல உயரமும் 135 கிலோகிராம் அளவான எடையும் கொண்டவர், அந்த உடலுக்குப் பொருந்தாத விரைவோடு ஓடுவார். எதிரில் நிற்கும் காவலரை வெளிப்புறமாகச் சுற்றிச் செல்வதுபோல் போக்குக்காட்டி, அவர் அப்பக்கம் சாய்ந்ததும் உட்கையால் ஒரே வீச்சில் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே புகுவார். 130 கிலோ எடையுள்ள மனிதர்கள் காலூன்ற வழியின்றிப் பறந்து விழுவதைப் பழைய ஒளிப்பதிவுகளில் இன்றும் காணலாம். வீழ்த்தியபின் கைகொடுத்துத் தூக்கிவிடுவார். களத்தில் இழிசொல் பேசும் எதிரணி வீரர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேசுவார். இது சிலருக்கு நகைப்பாக இருந்தது, சிலருக்கு எரிச்சலூட்டியது, சிலரைச் சிந்திக்கவும் வைத்தது.

திடலுக்கு வெளியேயும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பிலடெல்பியாவின் வறிய குடியிருப்புகளில், தெருமுனைகளில் நின்று போதித்தார். போதைப்பொருளும் துப்பாக்கியும் மலிந்த தெருக்கள் அவை. டென்னசியில் தம் இல்லத்துக்கு அருகே, மணமாகாமல் கருவுற்ற பெண்களுக்கென ஓர் இல்லத்தைத் தம் மனைவி சாறாவுடன் இணைந்து அமைத்தார். கருக்கலைப்பு தவறு என்று மேடையில் முழங்குவோர் பலர். கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கட்டிலும் உணவும் கொடுத்துக் குழந்தையைப் பெற்றெடுக்கத் துணைநிற்போர் சிலரே. தனித்து நின்ற தாயொருவரின் மகன் அந்தச் சிலருள் ஒருவரானார்.

1992 ஜூன் 25 அன்று, அவரது அணித்தோழரும் உற்ற நண்பருமான ஜெரோம் பிறவுண் வாகன விபத்தில் உயிரிழந்தார். அவருக்கு வயது 27. அன்று மாலை பிலடெல்பியா விளையாட்டரங்கில் பில்லி கிரகாமின் நற்செய்திக் கூட்டம்; வைட் அங்கு பேசவிருந்தார். மேடையேறி, கலங்கிய குரலில் நண்பரின் சாவைக் கூட்டத்துக்கு அறிவித்தவர் அவரே. பலருக்கு அச்செய்தி அந்தக் கணத்தில்தான் தெரியவந்தது.

இனி, அவரது பெயர் சட்ட நூல்களில் இடம்பெற்ற கதைக்கு வருவோம். அக்காலத்தில் ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிவடைந்தாலும், கழகம் விரும்பாவிடின் அவர் வேறிடம் செல்ல இயலாது. கோடிக்கணக்கில் வருமானம் ஈட்டும் தொழிலில், உழைப்பவனுக்குத் தன் உழைப்பை எங்கே கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை. 1987 இன் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. அதன்பின் வீரர்கள் நீதிமன்றத்தை நாடினர். 1992 இல் வீரர்கள் அனைவரின் சார்பிலும் தொடுக்கப்பட்ட வழக்கில் முதல் வழக்காளியாகப் பெயர் கொடுத்தவர் றெஜி வைட். பெயர் கொடுப்பது எளிதான செயலன்று. உரிமையாளர்களின் சினத்துக்கு முதல் இலக்காவதும் அப்பெயரே. 1993 ஜனவரியில் இணக்கம் ஏற்பட்டது. குறித்த ஆண்டுகள் விளையாடிய வீரர் தம் ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய கழகத்துக்குச் செல்லலாம் என்ற நிலை பிறந்தது. பதிலாக, கழகமொன்று வீரர்களின் ஊதியத்துக்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு விதிக்கவும் வழி திறந்தது. இன்றுவரை அந்த விளையாட்டின் பொருளாதாரம் இவ்விரு தூண்களின் மீதே நிற்கிறது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரின் சுற்றுமடல் முதல் திருச்சபை கற்பித்துவரும் தொழிலாளர் உரிமை, பெருஞ்செல்வம் ஈட்டும் விளையாட்டு வீரருக்கும் பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். உழைப்பவன் விற்பனைப் பொருளல்லன் என்ற நெறி, ஊதியம் ஒரு குறித்த அளவை எட்டியதும் செல்லாததாகிவிடுவதில்லை.

விடுதலை பெற்ற முதல் பெருவீரரும் அவரே. கழகங்கள் அவரைத் தேடிப் போட்டியிட்டன. நகரங்கள் தோறும் அவருக்கு வரவேற்பு. வறிய கறுப்பின மக்கள் வாழும் பெருநகரொன்றில் இறைபணி ஆற்றவே விரும்புவதாகவும், எங்கே செல்லவேண்டும் என்பதை ஆண்டவரே காட்டுவார் என்றும் அவர் கூறிவந்தார். ஆகவே பெருநகரொன்றையே அவர் தெரிவுசெய்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். விஸ்கொன்சின் மாநிலத்தின் கிறீன் பே என்ற சிறுநகரின் பக்கர்ஸ் கழகமும் வரிசையில் நின்றது. ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள், மிகப் பெரும்பாலோர் வெள்ளையர், கொடுங்குளிர். 1960 களில் பெரும்புகழ் பெற்றுப் பின்னர் கால் நூற்றாண்டாகத் தேய்ந்துபோன அணி. தனியொரு செல்வருக்கு உரியதாகாமல், ஊர்மக்களின் பங்குகளால் நடத்தப்படும் கழகம் என்பது அதன் சிறப்பு. கறுப்பின வீரர்கள் அங்கு செல்லத் தயங்கினர். அதன் பயிற்றுவிப்பாளர் மைக் ஹொம்கிறென் குறும்புக்காரர். வைட்டின் தொலைபேசிப் பதிவுக்கருவியில், கடவுளே பேசுவதுபோல் கிறீன் பேக்குப் போகும்படி ஒரு செய்தியை விட்டுவைத்தார் என்பது பலரும் அறிந்த கதை.

1993 ஏப்ரலில் வைட் கிறீன் பேயையே தெரிந்துகொண்டார். நான்கு ஆண்டுகளுக்கு 17 மில்லியன் டொலர். கடவுளே தம்மை அங்கு அனுப்பியதாக அவர் அறிவித்தார். கடவுளின் குரலும் மிகப்பெரிய காசோலையும் ஒரே திசையிலிருந்து வந்தது எப்படி என்று பத்திரிகைகள் கேலி செய்தன. கேலி கசப்பானதுதான், ஆயினும் கேள்வி நியாயமானது. நாமும் வெளிநாட்டு விசா கிடைத்தபோதும் நல்ல வரன் அமைந்தபோதும் இறைசித்தம் என்கிறோம்; கிடைக்காதபோது அச்சொல்லை அவ்வளவு விரைவாக எடுப்பதில்லை. ஆன்மிக வாழ்வில் தேர்ந்து தெளிதல் என்பது புனித இஞ்ஞாசியார் போன்றோர் நீண்ட காலம் தம்மையே சோதித்துக் கண்ட வழி. தன் விருப்பத்தின் குரலையும் ஆண்டவரின் குரலையும் பிரித்தறிவது புனிதர்க்கும் எளிதாயிருக்கவில்லை.

எவ்வாறாயினும் அவரது வருகை அச்சிறுநகரை மாற்றியது. அவரே சென்றபின் ஏனைய கறுப்பின வீரர்களும் அங்கு செல்ல அஞ்சவில்லை. அணி ஆண்டுதோறும் முன்னேறியது. 1995 டிசம்பரில் அவரது தொடைத் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை வேண்டும், அந்தப் பருவத்தில் அவர் இனி விளையாடமாட்டார் என்று கழகம் அறிவித்தது. மறுகணமே என்று சொல்லத்தக்க விரைவில், இரவு வேளையில் அவர் ஹொம்கிறெனின் வீட்டு வாசலில் வந்து நின்றார். தாம் குணமடைந்துவிட்டதாகவும் விளையாட ஆயத்தம் என்றும் கூறினார். ஓர் ஆட்டத்தை மாத்திரமே தவறவிட்டார். அவர் அதை இறைவனின் குணமளித்தல் என்றே நம்பினார். மருத்துவர்கள் வியந்தனர்.

சில வாரங்களில் வேறொரு சோதனை வந்தது. 1996 ஜனவரி 8 அதிகாலையில், நொக்ஸ்வில் நகரில் அவர் துணைப்போதகராகப் பணியாற்றிய ஆலயம் தீக்கிரையாக்கப்பட்டது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வழிபட்ட இடம் அது. சுவரில் இனவெறிச் சொற்கள் எழுதப்பட்டிருந்தன. அக்காலத்தில் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களின் ஆலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. பெரும்பாலும் எவரும் கவனிக்கவில்லை. நாடறிந்த வீரரின் ஆலயம் எரிந்தபோது நாடு திரும்பிப் பார்த்தது. வைட் துணிந்து பேசினார். மற்ற ஆலயங்கள் எரிந்தபோது ஏன் இத்தனை கமராக்கள் வரவில்லை என்று கேட்டார். அவ்வாண்டில், வழிபாட்டிடங்களுக்குத் தீவைப்போரைத் தண்டிக்கும் கடுமையான சட்டமொன்றை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. விஸ்கொன்சினின் வெள்ளையினக் குடும்பங்கள், அவர்கள் ஒருபோதும் கண்டிராத தென்னாட்டு ஆலயம் ஒன்றைக் கட்டியெழுப்பக் காசு அனுப்பினார்கள். சிறுவர்கள்கூடத் தம் சேமிப்பை அனுப்பினர்.

1997 ஜனவரி 26 ஆம் திகதி நியூ ஓர்லியன்ஸ் நகரில் பக்கர்ஸ் அணி இறுதிப் பெரும்போட்டியில் நியூ இங்கிலாந்து அணியைச் சந்தித்தது. மூன்றாம் காற்பகுதியில் எதிரணி நெருங்கிவந்த வேளையில், பக்கர்ஸ் அணியின் டெஸ்மண்ட் ஹவார்ட் பந்தை ஏந்தி 99 யார் தூரம் ஓடிப் புள்ளி ஈட்டினார். அடுத்து எதிரணி பந்தைப் பெற்றபோது, அடுத்தடுத்த இரு முயற்சிகளிலும் வைட் அவர்களது குவாட்டர்பெக்கை வீழ்த்தினார். ஆட்டம் முடியும் தறுவாயில் மீண்டும் ஒருமுறை. ஓர் இறுதிப்போட்டியில் மூன்று வீழ்த்தல்கள் அதுவரை இல்லாத சாதனை. 35 க்கு 21 என்று வெற்றி. பதினைந்தாண்டு காலத் தொழில் வாழ்வில் அவர் வென்ற ஒரேயொரு பெருங்கிண்ணம் அதுவே. 35 வயதுக்காரர் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அரங்கைச் சுற்றிக் குழந்தைபோல் ஓடினார்.

அவர் வாழ்வில் மறைக்கக்கூடாத ஒரு நாளும் உண்டு. 1998 மார்ச்சில் விஸ்கொன்சின் சட்டசபை அவரை உரையாற்ற அழைத்தது. அங்கு அவர் ஒவ்வோர் இனத்துக்கும் கடவுள் ஒவ்வொரு கொடை அளித்திருக்கிறார் என்று விளக்கப் புகுந்து, கறுப்பர் இப்படி, ஆசியர் இப்படி, ஸ்பானிய மொழியினர் இப்படி என்று ஊர்வழக்கிலுள்ள வடிவங்களையெல்லாம் அடுக்கினார். புகழ்வதாகவே அவர் எண்ணினார். கேட்டவர்கள் அவமதிப்பாக உணர்ந்தனர். ஒருபாலீர்ப்பு உடையோரைப் பற்றிக் கடுமையாகவும் பேசினார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. கிடைக்கவிருந்த தொலைக்காட்சி வர்ணனையாளர் வேலையும் கைநழுவியது. இனங்களைப் பற்றிக் கூறியவற்றுக்காக அவர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். இனத்தின் பேரால் மனிதரை வகைபிரிக்கும் பேச்சு எங்கே கொண்டுபோய்விடும் என்பதை இந்நாட்டு வாசகருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. தம் ஆலயம் எரிந்ததைக் கண்ட ஒருவர் அதை உணராமற்போனது வேதனைக்குரியது. பாவத்தைச் சுட்டிக்காட்டும் போதகருக்கும் மனிதரின் மாண்பை மதிக்கும் கடன் உண்டு. திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இவ்விடயத்தில் மரியாதையையும் இரக்கத்தையும் தெளிவாகவே கேட்கிறது.

அதே ஆண்டில், 36 வயதில், 16 வீழ்த்தல்களோடு ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருதை இரண்டாம் முறையாக வென்றார். முதல் முறை வென்றது 1987 இல். பின்னர் ஓய்வு பெற்றார். 2000 ஆம் ஆண்டில் கரோலைனா அணிக்காக ஒரு பருவம் விளையாடிவிட்டு முற்றாக விலகினார். மொத்தம் 198 வீழ்த்தல்கள். அன்று அது எவரும் எட்டாத எண்ணிக்கை.

இதன்பின் அவர் செய்ததை விளையாட்டுப் பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை. எமக்கோ அவரது வாழ்வில் மிக முக்கியமான காலம் அதுவே. அவர் போதிப்பதை நிறுத்தினார். அழைப்புகள் வந்தன, மறுத்தார். வீட்டில் அமர்ந்து எபிரேய மொழி கற்கத் தொடங்கினார். நாற்பது வயதில், வலமிருந்து இடமாகச் செல்லும் அந்த எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய அந்த மாமனிதரை மனக்கண்ணால் காண்பது கடினமன்று. குருமடத்தில் அம்மொழியோடு மல்லுக்கட்டிய எவரும் அதன் சுமையை அறிவர்: வினைச்சொல்லின் வேர் ஒன்று, அதன் வடிவங்கள் பல, உயிர்க்குறிகளோ எழுத்தின் கீழே ஒளிந்திருக்கும். தேர்வு எதுவுமின்றி, பட்டம் எதுவுமின்றி, நாள்தோறும் பல மணிநேரம் அவர் அதில் ஆழ்ந்தார். இறைவார்த்தை முதலில் எழுதப்பட்ட மொழியிலேயே அதைக் கேட்கவேண்டும் என்பது அவரது வேட்கை. அவர் கிறிஸ்தவத்தை விட்டுவிட்டார் என்ற வதந்தியும் பரவியது. இயேசுவின் மீது கொண்ட பற்றை அவர் கைவிடவில்லை. கைவிட்டது மேடையை மட்டுமே.

ஏன் கைவிட்டார்? தம் இறுதிக் காலத்தில் அளித்த தொலைக்காட்சி நேர்காணலொன்றில் அதை அவர் விளக்கினார். அந்நேர்காணல் அவரது மறைவுக்குப் பின்னரே பலரைச் சென்றடைந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாம் போதித்தவை பெரும்பாலும் பிறர் எழுதியவையும் பிறர் சொல்லக் கேட்டவையுமே. தாம் மறைநூலைக் கற்றவராக இருக்கவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். போதகராக இருந்ததைவிட, மக்களை உற்சாகப்படுத்தும் பேச்சாளராகவே தாம் இருந்துவிட்டதாகக் கூறினார். ஆலயங்கள் தம்மை அழைத்தது இறைஞானத்துக்காக அன்று, பந்தாட்டப் புகழுக்காகவே என்பதை உணர்ந்தபோது, தாம் விலைபேசப்பட்டதாகவே அவருக்குத் தோன்றிற்று. அதற்கு அவர் பயன்படுத்திய சொல் மிகக் கடுமையானது. கடவுள் சொன்னார் என்று முன்னர் கூறியவற்றுள் சில, தாமே விரும்பியவையாக இருந்திருக்கலாம் என்றும் அவர் எண்ணத் தலைப்பட்டிருந்தார்.

இதைப் படிக்கும்போது அவரை அழைத்த ஆலயங்களின்மீதும் எமது பார்வை செல்லவேண்டும். கூட்டம் சேர்க்க நட்சத்திரம் வேண்டும் என்று எண்ணியவர்கள் அவர்கள். பதினேழு வயதுப் பையனுக்கு மேடை கொடுத்தவர்கள், அவன் அமர்ந்து கற்பதற்கு நாற்காலி கொடுக்கவில்லை. திருவிழாவுக்குப் புகழ்பெற்ற மறையுரையாளரைத் தேடி அலையும் எம் பங்குகளும் இவ்விடயத்தில் முற்றிலும் தூய்மையானவை என்று சொல்லிவிட இயலாது.

ஆயினும் வைட் தம்மைப் பற்றிக் கூறிய இத்தீர்ப்பு மிகையானது என்பதே எமது கருத்து. பிலடெல்பியாவின் தெருமுனையில் நின்று போதைக்கு அடிமையான இளைஞனோடு பேசியது பந்தாட்டப் புகழால் மட்டும் நிகழ்ந்ததன்று. அடைக்கலம் பெற்ற தாய்மாரின் குழந்தைகள் இன்று வளர்ந்தவர்களாக எங்கோ வாழ்கின்றனர். அவர்களது பிறப்புக்கு எபிரேயம் தேவைப்படவில்லை.

2004 டிசம்பர் 26. எம் மக்களுக்கு அத்திகதியை நினைவூட்ட வேண்டியதில்லை. ஞாயிறு காலை, முல்லைத்தீவு முதல் அம்பாறை வரையும் தெற்கின் கரைகளிலும் கடல் எழுந்துவந்து, இந்நாட்டில் மட்டும் 30,000 க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அமெரிக்காவில் அப்போது நத்தார் இரவு இன்னும் முடிந்திருக்கவில்லை. அங்கு பொழுது புலர்ந்தபோது, வட கரோலைனாவின் கோர்னீலியஸ் என்ற ஊரிலுள்ள தம் இல்லத்தில் றெஜி வைட் மூச்சடங்கும் நிலையில் இருந்தார். மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசென்றும் பயனில்லை. நாற்பத்து மூன்று வயது நிறைந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. சார்கொய்டோசிஸ் என்னும் அழற்சி நோய் அவரது நுரையீரலையும் இதயத்தையும் பற்றியிருந்தது. அதனால் இதயத் துடிப்பு சீர்குலைந்து நின்றது. உறக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் கோளாறும் அவருக்கு இருந்தது. அதுவும் சாவுக்குத் துணைபோயிருக்கலாம் என மருத்துவர் கருதினர். எத்தனையோ ஆண்டுகள் எதிரணி முழுவதும் சேர்ந்தும் தடுக்கமுடியாத மனிதர். மறுநாள் உலகச் செய்திகளில் அலையின் செய்தியே நிறைந்திருந்தமையால், அமெரிக்காவுக்கு வெளியே அவரது சாவைப் பலர் அறியவில்லை.

2005 இல் டென்னசிப் பல்கலைக்கழகமும், பக்கர்ஸ், ஈகிள்ஸ் ஆகிய இரு கழகங்களும், அவர் அணிந்த 92 ஆம் இலக்கத்தை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று தீர்மானித்தன. 2006 ஓகஸ்டில் ஒஹாயோ மாநிலத்தின் கன்ரன் நகரிலுள்ள காற்பந்தாட்டப் புகழ்மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டபோது, சாறா அவருக்காக மேடையேறி அக்கௌரவத்தைப் பெற்றுக்கொண்டார். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயைப் பற்றி மக்களுக்கு அறிவூட்ட, கணவரின் பெயரில் ஓர் அறநிறுவனத்தையும் அவரது குடும்பம் ஏற்படுத்தியது. குறட்டையைச் சிரித்து ஒதுக்கிவிடும் வழக்கம் எம் வீடுகளிலும் உண்டு. பருத்த உடலும், இரவில் மூச்சுத் திணறி விழிக்கும் பழக்கமும், பகலில் தீராத சோர்வும் ஒருவரிடம் சேர்ந்து காணப்பட்டால், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்குத் தாமதிக்கலாகாது.